நிறத்துக்கு யார் சாட்சி?

தமிழில் ‘அளவை’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. படியும் முழக்கோலும் அளவைதான், உண்மையை அறியும் வழியும் அளவைதான். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்தில் கடவுளைப் பற்றி வாதிடப் புகுமுன் அளவையைப் பேசுகிறார். காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்ற மூன்றுக்குள் மற்றவற்றை அடக்குகிறார். இங்க்ஜெட் புகைப்பட அச்சின் அடர்த்தியையும் நிறத்தையும் அளக்க எந்தக் கருவியை வாங்குவது என்பது கடைவாசல் கேள்வியாகத் தோன்றும். ஆனால் கருவி காட்டும் எண் அந்த மூன்றில் எந்த வகை என்று தெரியாமல் அதற்கு விடை சொல்ல முடியாது.

டென்சிட்டோமீட்டர் எளிய சாட்சி. விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கு திரும்பினால் அடர்த்தி 1.0, நூறில் ஒரு பங்கு திரும்பினால் 2.0. கறுப்பு எவ்வளவு ஆழம் என்று அறிய இது போதும், நிறத்துக்குப் போதாது. அதில் உள்ள ‘ஸ்டேட்டஸ் ஏ’ வடிகட்டிகள் ரசாயனப் புகைப்படச் சாயங்களுக்காக வகுக்கப்பட்டவை. இங்க்ஜெட் மை ஒளியை விழுங்கும் விதம் வேறு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் ஒரே அடர்த்தி காட்டும் சாம்பல் கட்டம் கண்ணுக்கு லேசாகப் பச்சை தட்டித் தெரியலாம்.

ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரின் வேலை நுணுக்கமானது. பரவலாகப் புழங்கும் ஒரு வகை 380 முதல் 730 நானோமீட்டர் வரை பத்துப் பத்தாக 36 எண்களைத் தருகிறது. இதுவரை காண்டல். பிறகு அந்த 36-ஐ, நிறத்தைக் குறிக்கும் எல், ஏ, பி என்ற மூன்று எண்களாகச் சுருக்கும்போது கருதல் நுழைகிறது, அதன் அடியில் உரையும் இருக்கிறது. சுருக்கும் அட்டவணை, சி.ஐ.இ. என்னும் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1931-இல் ஏற்ற ‘நியமப் பார்வையாளர்’. 1920-களின் இறுதியில் பிரிட்டனில் டபிள்யூ. டி. ரைட் 10 பேரையும், ஜான் கில்டு 7 பேரையும் கொண்டு சோதனை செய்தார்கள். வட்டத்தின் ஒரு பாதியில் ஓர் ஒளி. மறுபாதியில் மூன்று ஒளிகளைக் கூட்டிக் குறைத்து இரண்டும் ஒன்றாகத் தெரியும்வரை பொருத்த வேண்டும். அந்த 17 பேர் ‘ஒன்றாகிவிட்டது’ என்று சொன்ன சொல்லின் மேல்தான் இந்த அட்டவணை எழுந்தது. ஆகவே எண்ணைக் கண்ணுக்கு எதிரியாக நிறுத்துவது தவறு. அது பிறர் கண்களின் வாக்குமூலம்.

அப்படியானால் நிறம் அறிவின் தோற்றம்தானே, அதை அளப்பானேன் என்று விஞ்ஞானவாத பௌத்தர் கேட்கலாம். நம் விருப்பத்துக்கு வளையாத ஒன்று அங்கே இருக்கிறது என்பதே பதில். பார்ப்பவர் எழுந்து போன பிறகும் மை அதே விகிதத்தில் ஒளியை விழுங்குகிறது. அச்சு வெயிலில் மங்கினால் அந்த 36 எண்களும் மாறுகின்றன. நிறம் பொருளிலேயே உறையும் குணம் என்று நியாய வைசேஷிகர் எதிர்ப்பக்கம் நின்று சொல்வார்கள். ஜன்னலோரத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சாம்பல் கட்டங்கள் குண்டு பல்பின் கீழ் பிரிகின்றன, ஒன்று சிவந்து நிற்கிறது. இதில் ஒன்று மெய், மற்றது மயக்கம் என்றால், எந்த விளக்கை மெய்யான விளக்காகக் கொள்வது? தாளில் புற ஊதாவில் ஒளிரும் வெண்மையூட்டி கலந்திருந்தால் கருவியே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. புற ஊதாவைச் சேர்த்து அளந்தால் ஓர் எண், தடுத்து அளந்தால் வேறோர் எண். நிறம் பொருளில் மட்டுமோ கண்ணில் மட்டுமோ இல்லை. பொருள், ஒளி, கண் மூன்றும் கூடும் இடத்தில் பிறக்கிறது என்பதே எனக்குப் பொருந்தி வருகிறது.

கைதேர்ந்த அச்சுக்காரரின் கண் போதாதா என்பது இன்னொரு தடை. அருகருகே வைத்த இரண்டு அச்சுகளின் நுண்ணிய வேறுபாட்டைக் கண் சட்டென்று பிடிக்கும். ஆனால் போன மாத அச்சை அதனால் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. பல்பின் மஞ்சள் ஒளியிலும் வெள்ளைத் தாளை வெள்ளையாகவே பார்த்துப் பழகிய உறுப்பு அது.

இதனால்தான் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரை வாங்கச் சொல்கிறேன். சுருக்குவதற்கு முந்தைய 36 எண்களையும் அது வைத்திருக்கிறது. பிற்பாடு வேறு விளக்குக்கும், சி.ஐ.இ. 1964-இல் ஏற்ற வேறு நியமப் பார்வையாளருக்கும் கணக்கைத் திருப்பிப் போடலாம். ஆனால் 45 பாகையில் ஒளியை வீசி நேர்மேலிருந்து அளக்கும் அந்தக் கருவிக்கு அச்சின் பளபளப்பு தெரியாது. எனவே எண் சரியாக வந்த பிறகும், அச்சு எந்தச் சுவரில் தொங்கப்போகிறதோ அந்தச் சுவரின் விளக்கில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.