கண்ணுக்குத் தெரியாத நோவு

ஒருவர் தமக்கு நோகிறது என்று சொல்கிறார். இரத்தப் பரிசோதனையில் குறை இல்லை, நெஞ்சுப் படமும் தெளிவாக இருக்கிறது. அவருடைய சொல் ஒன்றைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தச் சாட்சியை ஏற்கும் கடமை எமக்கு உண்டா? கொவிட் காலத்தில் எமக்காக உழைத்து, அந்த நோயைத் தாமும் வாங்கிக்கொண்ட வைத்தியசாலை ஊழியர்களை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது.

காய்ச்சல் போன பின்னும் நோய் போகாது என்பது மன்னார்க் கரையோரத்தவருக்குப் புதிய செய்தியல்ல. 2006ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குனியா மன்னார், யாழ்ப்பாணம், புத்தளம், கல்முனை என்று பரவியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எம்மவரில் பலர் அப்போதும் புத்தளத்தில்தான் இருந்தோம். காய்ச்சல் சில நாட்களில் தணிந்தது. மூட்டு நோவு சிலரிடம் மாதக்கணக்கிலும் சிலரிடம் வருடக்கணக்கிலும் தங்கிவிட்டது. கிணற்றிலிருந்து வாளியை இழுக்க முடியாத பெண்களையும், சுஜூதிலிருந்து எழ முடியாத முதியவர்களையும் கண்டோம். உடல் வளைந்து கூனிப்போவதையே அந்நோயின் பெயர் தன்சானியாவின் மக்கொண்டே மொழியில் குறிக்கிறது.

அன்று யாரும் யாரிடமும் அத்தாட்சி கேட்கவில்லை. வீட்டுக்கு வீடு அதே நோவு. ஆனால் நாம் நம்பியது மற்றவரின் சொல்லையா, எமது சொந்த மூட்டுகளையா? தான் அனுபவிப்பதை நம்புவதற்குப் பெரிய அறம் தேவையில்லை. எனக்கு வராத நோவைப் பிறர் சொல்லும்போதுதான் பரீட்சை தொடங்குகிறது.

கொவிட் அந்தப் பரீட்சையைக் கொண்டுவந்தது. பெரும்பாலானோர் தேறி எழுந்தனர். ஒரு பகுதியினருக்கு மட்டும் களைப்பும் மூச்சிரைப்பும் மறதியும் நெஞ்சுப் படபடப்பும் நீங்கவில்லை. நோய் தொடங்கி மூன்று மாதமளவில் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதங்கள் நீடிக்கும், வேறு காரணத்தால் விளக்க முடியாத அறிகுறிகள் என உலக சுகாதார நிறுவனம் 2021 ஒக்டோபரில் இதற்கு வரைவிலக்கணம் வகுத்தது. 'நீண்ட கொவிட்' என்ற பெயரையோ 2020 மே மாதத்திலேயே இத்தாலியைச் சேர்ந்த எலிசா பெரேகோ என்ற நோயாளி சூட்டிவிட்டார். நோயாளிகள் சொன்னதைப் பின்தொடர்ந்துதான் மருத்துவம் வந்தது.

இலங்கையில் உள்நாட்டவர் ஒருவருக்கு முதன்முதலில் தொற்று உறுதியானது 2020 மார்ச்சில். சுகாதார ஊழியர்களுக்குத் தடுப்பூசி கிடைக்கத் தொடங்கியது 2021 ஜனவரி 29இல். இடைப்பட்ட பத்து மாதங்களும் அவர்கள் முகக்கவசத்தையும் இறைவனையும் நம்பி வேலை செய்தார்கள்.

எனக்குத் தெரிந்த தாதி ஒருவருக்கு 2021இல் வார்ட்டில் வைத்தே தொற்றியது. தனிமைப்படுத்தல் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஓர் இரவுக் கடமை முடிந்தால் இரண்டு நாள் எழும்ப முடியாது. மருந்தின் அளவு மறந்துபோகுமோ என்ற பயத்தில் மூன்று தடவை சரிபார்ப்பார். கொஞ்ச நாளைக்கு இலேசான வேலை கேட்டபோது, "ரிப்போர்ட் எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று பதில் வந்தது. 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் சைக்கிள் மிதித்துக் கடமைக்குப் போனார். "நோவத் தாங்கலாம் சேர், பொய்க்காரியப் போலப் பார்க்கிறதைத்தான் தாங்க ஏலாது" என்றார்.

இது எமது நாட்டில் மட்டும் நடப்பதல்ல. 1955இல் இலண்டன் ரோயல் ஃபிரீ வைத்தியசாலையில் இனந்தெரியாத நோயொன்று பரவி, வைத்தியசாலையையே சில மாதங்கள் மூட நேர்ந்தது. பாதிக்கப்பட்ட ஊழியர்கள் 292 பேர், ஏற்கெனவே அங்கு தங்கியிருந்த நோயாளிகளோ 12 பேர்தாம். பலர் நெடுங்காலம் தேறவில்லை. பதினைந்து வருடங்களின் பின், 1970இல், இரண்டு உளமருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளைப் படித்து, அது கூட்டுப் பதற்றத்தால் வந்த மனக்கோளாறு என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் அதிகமானோர் இளம் பெண்கள் என்பதும் அவர்கள் காட்டிய காரணங்களில் ஒன்று. நோயாளிகளை அவர்கள் நேரில் பரிசோதிக்கவில்லை. 2003இல் சார்ஸ் பரவிய ரொறன்ரோவில், நீங்காத களைப்போடும் உடல் நோவோடும் இருந்த 22 பேரைப் பற்றிய ஆய்வொன்று 2011இல் வெளிவந்தது. அவர்களில் 21 பேர் சுகாதார ஊழியர்கள்.

எல்லாச் சொல்லையும் நம்பினால் ஏமாற்றுக்காரருக்குக் கொண்டாட்டமாகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மாணவரின் லீவுக் கடிதங்களை வாசிக்கும் ஆசிரியனுக்கு அது தெரியாததல்ல. ஆனால் பொய்யன் ஒருவனை நம்பினால் இழப்பது சில நாள் வேலை. உண்மை சொன்னவரை மறுத்தால், அவருடைய உடலோடு மானத்தையும் சேர்த்துப் பறிக்கிறோம். இரண்டும் ஒரே எடையல்ல.

எமது மார்க்கச் சட்டம் இதை நன்கு அறிந்திருக்கிறது. நின்று தொழ இயலாதவர் இருந்து தொழலாம், அதுவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். இயலாமையை அவரது சொந்த அனுபவமோ நம்பகமான வைத்தியரின் சொல்லோ தீர்மானிக்கும். பள்ளிவாசலில் கதிரையில் இருந்து தொழுபவரிடம் நாம் ரிப்போர்ட் கேட்பதில்லை. படைத்தவனுக்குரிய கடமையிலேயே ஏற்கப்படும் சொல், மனிதர் எழுதிய கடமைப் பட்டியலில் ஏன் ஏற்கப்படுவதில்லை?

ஒரு வேறுபாடு உண்டுதான். ஒருவர் இருந்து தொழுதால் பக்கத்தில் நிற்பவருக்குச் சுமை கூடாது. ஒரு தாதி இரவுக் கடமையை விட்டால் இன்னொரு தாதி அதைச் சுமக்க வேண்டும். ஆளில்லை என்பது உண்மையான குறை. ஆனால் அது நாட்டின் குறை. அதை வரியாகவும் நேரமாகவும் பொறுமையாகவும் எல்லோரும் பகிர்ந்து கட்ட வேண்டும். நோயாளி ஒருத்தியின் எலும்பிலிருந்து அறவிடுவது நீதியல்ல.

அன்று அவர்களை வீரர்கள் என்று புகழ்ந்தோம். புகழ்வதற்குச் செலவில்லை. இலேசான வேலைக்கும் சம்பளத்தோடு கூடிய ஓய்வுக்கும் செலவுண்டு. அவற்றை அரசு கொடுக்க வேண்டும், நாம் கேட்க வேண்டும். அரசு கொடுக்காத நாளிலும் எம்மால் முடிந்தது ஒன்றிருக்கிறது. வீடுவீடாக வரும் மருத்துவமாது வாசலில் நின்று மூச்சு வாங்கினால், "கொவிட் வந்து எத்தனை வருஷம், இன்னுமா?" என்று கேளாமல் ஒரு கதிரையை எடுத்துப் போடலாம். கடமை முடிந்து களைத்து வரும் மனைவியிடமோ மகளிடமோ சோறு எங்கே என்று கேளாமல், அடுப்பை நாமே மூட்டலாம்.