ஸ்பேனருக்கு வைத்த பொட்டு

ஆயுத பூஜையன்று சேர்வராயன் மலையில் வண்டிகளுக்குத்தான் மரியாதை. கரடியூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் ஆண்டு முழுக்க மூட்டை சுமந்த ஜீப்புகள் கழுவித் துடைக்கப்பட்டு, முகப்பில் சந்தனமும் குங்குமமுமாக, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு நிற்கும். மலையிறங்கினால் சேலத்து லேத் பட்டறைகள், சங்ககிரி லாரிகள், திருச்செங்கோட்டு ஆழ்துளை ரிக் வண்டிகள் என எல்லா இரும்புக்கும் அன்று பொரிகடலை உண்டு. அதே நாளில் பொறியியல் கல்லூரிப் பட்டறைகளில் இன்னொரு வகை வண்டிக்கும் மாலை விழுகிறது. அதற்குக் கதவில்லை, கண்ணாடியில்லை, இருப்பது ஒற்றை இருக்கை. பல நேரங்களில் சக்கரம்கூட மாட்டியிருக்காது. கரடுமுரடான மண்ணில் ஓடும் பாஹா பந்தயத்துக்காக மாணவர்கள் தாங்களே வெட்டி, வளைத்து, பற்றவைத்துச் செய்யும் வண்டி அது.

ஓட்டுநரைக் காக்கும் கூண்டான ரோல் கேஜின் குழாயில் ஒரு பொட்டு, வெல்டிங் மெஷினில் ஒரு பொட்டு, ஸ்பேனரில் ஒரு பொட்டு. குழாய் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணினியில் போட்டுப் பார்த்தவர்கள்தான் கற்பூரமும் ஏற்றுகிறார்கள். கணக்கு சரியாக இருந்தால் கற்பூரம் எதற்கு? கற்பூரம் காப்பாற்றும் என்றால் கணக்கு எதற்கு?

இந்த மாணவர் போட்டி 1976-ல் அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இந்தியாவில் 2007 முதல் நடக்கிறது. இந்தூரை அடுத்த பீதம்பூரின் சோதனைத் தடம்தான் அதன் தாய்வீடு. பணம் வாங்கி ஓட்டும் தொழில்முறை ஓட்டுநர்கள் இதில் கிடையாது. தேர்வு, அரியர், ஸ்பான்சர் தேடும் அலைச்சல் எல்லாவற்றுக்கும் நடுவே இரவு பகலாக வேலை செய்யும் பிள்ளைகள்தான் அணி.

போட்டியின் உயிர்நாடி ஒரு கட்டுப்பாட்டில் இருக்கிறது. பெட்ரோல் பிரிவில் நெடுங்காலமாக எல்லா அணிக்கும் ஒரே இன்ஜின்தான். 10 குதிரைத்திறன் கொண்ட பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன். அதன் திறனைக் கூட்ட யாரும் உள்ளே கைவைக்கக் கூடாது. பணக்காரக் கல்லூரிக்கும் அதே பத்துதான், கடன் வாங்கி வந்த கல்லூரிக்கும் அதே பத்துதான். ஆனால் சேசிஸ், சஸ்பென்ஷன், ஸ்டியரிங், பிரேக், மொத்த எடை எல்லாம் அணியின் பொறுப்பு. கையில் கொடுக்கப்பட்டது எது, கையால் செய்யவேண்டியது எது என்று முதல் நாளே பாகம் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

இந்தப் பாகப்பிரிவினையைத் தமிழ் மரபு நெடுங்காலமாகப் பேசிவந்திருக்கிறது. திருக்குறளின் அறத்துப்பால் முடிவது ஊழ் என்னும் 38-ஆம் அதிகாரத்தில். ஊழை மிஞ்சிய வலிமை இல்லை என்ற பொருளில் வள்ளுவர் அந்தப் பாலையே முடிக்கிறார். பிறகு பொருட்பாலில், 62-ஆம் அதிகாரமான ஆள்வினையுடைமையில், தளராமல் உழைப்பவரிடம் அந்த ஊழே தோற்றோடும் என்கிறார். பட்டிமன்றத்தில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும் இந்த அதிகாரங்கள், பட்டறையில் ஒரே வண்டிக்குள் அடங்கிவிடுகின்றன. இன்ஜின் முதல் அதிகாரம், சேசிஸ் இரண்டாம் அதிகாரம். எல்லாம் நியதிப்படியே நடக்கும், முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று வாதிட்டவர்கள் ஆசீவகர்கள். நீலகேசிக் காப்பியம் அவர்களோடு மல்லுக்கட்டுகிறது. அணித் தலைவர் ஒருவர் ஆசீவகராக மாறினால் அந்த வண்டி கல்லூரி வாசலைத் தாண்டாது.

கீதையின் 18-ஆம் அத்தியாயம் இதைப் பட்டியலாகவே தருகிறது. ஒரு செயல் நிறைவேற ஐந்து காரணங்கள் வேண்டுமாம். நிகழும் இடம், செய்பவர், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். பந்தய அணி அப்படியே எழுதி ஒட்டிக்கொள்ளலாம். தடம், ஓட்டுநர், வண்டி, உழைப்பு, அதற்குப் பிறகு தெய்வம். தெய்வத்துக்கு இடம் உண்டு. ஆனால் மற்ற நான்கின் வேலையைச் செய்ய அதை அழைத்ததாகத் தெரியவில்லை.

எதிர்க்கேள்வியும் இந்த மண்ணிலேயே உண்டு. பெரியாரின் இயக்கத்துக்குத் திராவிடர் கழகம் என்ற பெயர் 1944-ல் சூட்டப்பட்டது சேலத்தில்தான். ஆயுதங்களுக்குப் பூஜை செய்யாத நாடுகள் இயந்திரங்களைக் கண்டுபிடித்துக் குவிக்க, பூஜை செய்தவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று பெரியார் கேட்டார். நாம் பொட்டு வைக்கும் பாஹா இன்ஜினும் அமெரிக்க நிறுவனத்தின் பெயர் தாங்கியதுதான். வேலைக்குப் பதிலாகப் பூஜை என்று இருக்கும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

ஆனால் பூஜைக்கு முதல் நாள் பட்டறையில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். ஒவ்வொரு கருவியும் கழுவப்படுகிறது. ஸ்பேனரின் வாய் தேய்ந்திருப்பதும், கிரைண்டர் ஒயரின் தோல் உரிந்திருப்பதும் அப்போதுதான் கண்ணில் படுகின்றன. ஜீப்பின் அடியில் படுத்து மண்ணைச் சுரண்டுபவருக்குத்தான் ஆக்சிலில் எண்ணெய் கசிவது தெரியும். சந்தனம் வைக்கவேண்டும் என்ற சாக்கில் அழுக்கு போகிறது, அழுக்கு போனதும் விரிசல் தெரிகிறது. வழிபாட்டின் பாதி வேலை இந்த உற்றுநோக்கலில் நடந்துவிடுகிறது.

பந்தய வண்டியில் இன்னொரு குறியும் உண்டு. டார்க் ரெஞ்சால் நட்டை உரிய அளவுக்கு முறுக்கியதும், நட்டையும் போல்டையும் சேர்த்துப் பெயின்ட் மார்க்கரால் ஒரு சிறு கோடு இழுப்பார்கள். ஓட்டத்தின் அதிர்வில் நட்டு கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். குங்குமப் பொட்டு முறுக்காத நட்டிலும் ஒட்டும். மார்க்கர் கோட்டை முறுக்காமல் இழுத்தால் அது பொய்ச்சாட்சி. அப்படி ஒரு கோட்டை இழுத்துவிட்டு அடுத்த நிமிடம் தீபாராதனைக்குக் கைகூப்புவது, எந்த மதத்தின் கணக்கில் பக்தியாகும்?

பீதம்பூரில் சோதனை அதிகாரிகள் பொட்டைப் பார்ப்பதில்லை. ரோல் கேஜின் இரும்பு, குழாயின் கனம், பற்றவைப்பு எல்லாம் விதிமுறைப்படி இருக்கவேண்டும். பெல்ட் மாட்டி உட்கார்ந்த ஓட்டுநர் 5 விநாடிக்குள் வெளியேறிக் காட்டவேண்டும். பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேர நின்றாகவேண்டும். தேறாத வண்டி ஓடாது. தேறிய வண்டிக்கு 4 மணி நேரத் தாங்குதிறன் ஓட்டம் காத்திருக்கிறது. முன்னால் போகும் வண்டி கிளப்பும் புழுதி, திருப்பத்தில் கிடக்கும் கல், பின்னாலிருந்து மோதும் போட்டியாளர் எல்லாம் அங்கேதான் வரும். எந்த மென்பொருளும் இவற்றை முன்கூட்டிச் சொல்லாது. பிரார்த்தனைக்கு நேர்மையான இடம் அதுதான்.

மற்ற சமயங்களும் கோட்டை ஏறக்குறைய இங்கேதான் கிழிக்கின்றன. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு இறைவனை நம்பலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டு, பிறகு நம்பு என்று நபிகள் சொன்னதாகத் திர்மிதி ஹதீஸ் தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. பயணிகளின் காவலரான புனித கிறிஸ்தோபரின் திருநாளை 1969-ல் கத்தோலிக்கத் திருச்சபை பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. ஆனாலும் அவர் உருவம் உலகெங்கும் கார்களில் தொங்குகிறது. வண்டி ஓட்டுபவரின் அச்சம் நாட்காட்டி பார்த்து வருவதில்லை.

டக்கார் பாலைவனப் பந்தயத்தில் கேரளத்து பைக் வீரர் ஹரித் நோவா 2023-ல் முன்னோட்டச் சுற்றிலேயே விழுந்து அடிபட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு ஓசூரின் டிவிஎஸ் பெயர் தாங்கிய ஷெர்கோ அணிக்காக ஓட்டி, ராலி-2 பிரிவில் முதலிடம் பெற்றார். ஒரு வருடத்தில் ஊழ், மறு வருடத்தில் முயற்சி என்று கூறு போட முடியாது. விழுந்த ஆண்டிலும் உழைப்பு இருந்தது, வென்ற ஆண்டிலும் கையை மீறியவை இருந்தன.

விளையாட்டில் இப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், சாலையில் முடியாது. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போயின. இப்படி ஒரு செய்தி வந்தாலே ‘விதி’ என்று ஆறுதல் சொல்வது நம் வழக்கம். இழந்தவரின் துக்கத்துக்கு அந்தச் சொல் தேவைப்படலாம். விபத்தை விசாரிப்பவரும், வண்டியைப் பராமரிப்பவரும், சாலையைக் கட்டுபவரும் அதைச் சொல்லக் கூடாது. அவரவர் பங்கு வேலை முடியும் முன்பே ஊழை இழுப்பது, அதன் தலையில் நம் குற்றத்தைக் கட்டுவதாகும்.

எனவே இந்த ஆயுத பூஜைக்கு எலுமிச்சம்பழம் வாங்கப் போகும் வழியில் டயர்களின் காற்றையும் பார்த்துவிடுங்கள். பிரேக் ஆயில் அளவு, பிரேக் லைனிங், ஸ்டெப்னி எல்லாவற்றையும் பார்த்த பிறகு சந்தனம் வையுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது சேலம் வரை 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.