ஞாயிறும் அடுப்பும்

2014 முதல் 2024 முடிய மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் வெள்ளியும் சனியுமே வார விடுமுறையாயிருந்தபடியால், கர்த்தருடைய நாளாகிய ஞாயிறன்று என் பிள்ளைகள் சீருடை அணிந்து பள்ளிக்குப் புறப்பட, நான் விடியலில் அவர்களுக்குப் பசியாறல் கட்டிக்கொண்டே ஜெபித்தேன். மாலை ஆராதனையில், பள்ளிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இளையவன் என் மடியில் உறங்கிப்போவான். எழுப்ப மனம் வராது. அடுப்படி ஜெபமும் ஆராதனையாகுமோ என்னும் ஐயம் என்னை வெகுகாலம் வருத்தியது. இயேசுவின் பாதத்தருகே அமர்ந்த மரியாளையே லூக்கா சுவிசேஷம் மெச்சுகிறதென்பது மெய். ஆயினும், பற்பல வேலைகளால் மனங்கலங்கிய மார்த்தாளை அவர் இருமுறை பெயர் சொல்லி அழைத்த அந்த வாத்சல்யத்தில் கண்டனத்தைக் காட்டிலும் கருணையே மிகுதியென்று நான் திடமாய் விசுவசிக்கிறேன். 2025 ஜனவரியிலிருந்து ஞாயிறு மீண்டும் விடுமுறையாயிற்று. காலையிலேயே குடும்பமாய் ஆலயம் செல்கிறோம், இட்லித்தட்டைக் கழுவி வைத்த ஈரக்கையோடு.