வசையும் நசையும்: கைலாசத்தின் நகைப்பாடல்களை முன்வைத்து எள்ளலின் அறம் குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

பிறரை நகைப்பது அறமாகுமா என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதியதன்று. பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் விளையாட்டாகக்கூட ஒருவரை இகழ்தல் துன்பம் தருவது என்கிறார். அவ்வாறாயின், நகைச்சுவையையே கருவியாகக் கொண்டு ஆள்வோரையும் சமூகத்தையும் எள்ளிப் பாடும் பாடலாசிரியனின் தொழில் பண்புக்கு மாறானதாகிவிடும். மறுபுறம் தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில் நகைக்குரிய நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலையே முதலில் வைக்கிறார். செய்யுளியலில் அங்கதத்திற்கு இலக்கணமும் வகுக்கிறார். இலக்கணம் இடம் தந்த ஒன்றை அறநூல் தடுக்கிறதா? அன்றி இரண்டும் வெவ்வேறு பொருள்களைச் சுட்டுகின்றனவா? பெங்களூரில் வாழ்ந்து கன்னடத்தில் நகைப்பாடல்களும் அங்கத நாடகங்களும் படைத்த டி.பி. கைலாசத்தை முதன்மைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது.

அங்கதத்தின் இரு கூறுகள்

தொல்காப்பியர் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாகப் பகுக்கிறார். வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழிப்பை மறைத்து மொழிவது பின்னது. இப்பகுப்பு பலரும் அறிந்ததே. ஆயின் அங்கதச் செய்யுளை வரையறுக்குமிடத்து அவர் வசை என்பதோடு நசை என்பதையும் சேர்த்தே கூறுவது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. நசை என்பது விருப்பம். இச்சொல்லை அந்நூற்பாவின் எல்லையினின்றும் சற்று நீட்டி, எள்ளப்படுபவர்மீதும் எள்ளப்படும் சமூகத்தின்மீதும் எள்ளுவோன் கொண்டுள்ள பற்று எனக் கொள்ள இடமுண்டு. வசை மட்டும் நிற்கும் இடம் வள்ளுவர் கடியும் இகழ்ச்சி. வசையோடு நசையும் கூடிய இடம் அங்கதம். இவ்வாறு கொள்ளின் அறநூலுக்கும் இலக்கண நூலுக்கும் முரணில்லை.

இதற்குச் சங்கச் சான்று புறநானூற்றின் 95ஆம் பாடல். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையார், நெய் பூசி மாலை சூட்டப்பட்டுக் காவல்மனையில் கிடக்கும் அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் தொடங்கி, தம் தலைவனின் படைக்கலங்களோ போரில் முனை மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகக் குறிப்பிடுகிறார். புகழின் வடிவில் பழிப்பு. பழிப்பின் உள்ளே போரைத் தவிர்க்கும் விருப்பம். எள்ளப்படுவோன் எள்ளுவோரைத் தண்டிக்கும் ஆற்றலுடையவன் என்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. வலியோனை நோக்கிச் செல்லும் நகைப்புக்கும் மெலியோனை நோக்கிச் செல்லும் நகைப்புக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தே தோன்றிவிடுகிறது.

இருமொழி நகரமும் கைலாசமும்

தியாகராஜ பரமசிவ கைலாசம் மைசூர் நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை பரமசிவ ஐயர் மைசூர் அரசில் நீதிபதி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற பின் இலண்டன் சென்று நிலவியல் கற்றுத் திரும்பிய கைலாசம், மைசூர் அரசின் நிலவியல் துறையில் சில காலம் பணியாற்றி அதனைத் துறந்தார். எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் நாடகத்திற்கும் பாட்டுக்கும் அளித்தார். 1945இல் சென்னையில் நடைபெற்ற கன்னட சாகித்திய சம்மேளனத்திற்குத் தலைமை ஏற்றார், 1946இல் மறைந்தார். அவர் சொல்லச் சொல்ல நண்பர்கள் எழுதிக்கொண்டவையே அவருடைய படைப்புகளுட் பெரும்பாலானவை. ஆகவே வாய்மொழி மரபின் தன்மை அவற்றில் இயல்பாகவே அமைந்துவிட்டது.

அவர் வாழ்ந்த பெங்களூரின் அமைப்பும் இங்கு நோக்கத்தக்கது. 1809இல் ஆங்கிலேயர் படைவீடாக உருவான தண்டுப் பகுதி ஒருபுறம். மைசூர் அரசுக்குரிய பழைய பேட்டைப் பகுதி மறுபுறம். தண்டில் தமிழும் ஆங்கிலமும் பெருவழக்காக இருந்தன. பேட்டையில் கன்னடம் வழங்கியது. 1947 வரை இவை தனித்தனி ஆட்சியின்கீழ் இருந்து, 1949இல் ஒரே மாநகராட்சியாயின. படைவீரரின் ஆங்கிலப் பாட்டும் சிற்றூரார் பேச்சும் ஒரே நாளில் ஒருவர் செவியில் விழக்கூடிய நகரம் அது. கைலாசத்தின் பாடல்கள் இச்சூழலின் விளைவு எனலாம்.

முதல் உலகப் போர்க்காலத்தில் படைவீரர் பாடித் திரிந்த 'டிப்பரரி' பாட்டின் மெட்டில் அவர் கன்னடச் சிற்றூர் ஒன்றின் தொலைவைப் பாடினார். அயர்லாந்தின் டிப்பரரி அவர் பாட்டில் திப்பாரள்ளி ஆயிற்று. பேரரசின் படை நடைக்குரிய மெட்டு, ஊரை விட்டு வந்த எளியவனின் ஏக்கத்திற்குரிய மெட்டாக மாறியது. அவ்வாறே, கான்ஸ்டான்டிநோப்பிள் என்னும் நகரப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக் களிக்கும் ஆங்கில வேடிக்கைப் பாட்டின் மெட்டில், 'கோளிகெ ரங்கன்' என்னும் சிற்றூரான் தன் பெயரைக் கன்னட எழுத்துகளால் எழுத்துக்கூட்டிப் பெருமிதம் கொள்கிறான். நேரடியாக எந்த ஆட்சியையும் இவை பழிக்கவில்லை. ஆயினும் ஆள்வோரின் மெட்டை ஆளப்படுவோனின் வாயில் வைத்தலே ஒருவகைப் பழிகரப்பு அங்கதமாகும்.

நாடகங்களில் இவ்வங்கதம் மேலும் தெளிவுறுகிறது. 'டொள்ளு கட்டி' தேர்வு மதிப்பெண்ணையே அறிவெனக் கருதும் கல்வியின் வெறுமையைக் காட்டுவது. 'ஹோம் ரூலு' என்னும் தலைப்போ அக்கால அரசியல் முழக்கமான தன்னாட்சியையும் வீட்டு ஆட்சியையும் ஒரே சொல்லில் பிணைக்கிறது. ஆங்கிலமும் கன்னடமும் விரவிய நடுத்தர வகுப்பினர் பேச்சை அவர் எள்ளினார். அப்பேச்சே அவருடைய சொந்தப் பேச்சும் ஆகும். எய்த அம்பு முதலில் எய்தவன்மீதே பட்டது.

கடன் வாங்கிய வாய்

இங்கு எழும் தடையை ஒதுக்கிவிட இயலாது. ஆங்கிலம் கற்ற நகரத்தாரை எள்ளும்போது கைலாசம் தம்மையே எள்ளிக்கொள்கிறார். கோளிகெ ரங்கனைப் பாடும்போது அவ்வாறு கூற முடியுமா? நீதிபதியின் மகன், இலண்டனில் பயின்றவர், சிற்றூரானின் உச்சரிப்பை மேடையில் நடித்துக் காட்டுகிறார். கேட்டுச் சிரிப்போரும் பெரும்பாலும் நகரத்தாரே. இந்நகைப்பு மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது அன்றோ? எழுத்துக்கூட்டத் தெரிந்ததைப் பெருமையாகக் கருதும் ஒருவனைக் கண்டு நகைத்தல், கல்வி மறுக்கப்பட்டோனின் காயத்தை நகைத்தலாகாதா?

இத்தடைக்கு இரு விடைகள் கூறலாம். முதலாவது, ரங்கன் தன்மை இடத்தில் பேசுகிறான். தன் பெயரைத் தானே சொல்கிறான். அவனைப் பற்றிப் பிறர் பேசவில்லை. இரண்டாவது, கைலாசத்தின் பிற படைப்புகள் அவருடைய நசை எத்திசையினது என்பதற்குச் சான்றாகின்றன. அவருடைய ஆங்கில நாடகங்களின் தலைமக்கள் ஏகலைவனும் கர்ணனும் ஆவர். இருவரும் பிறப்பின் காரணமாகக் கல்வியும் மதிப்பும் மறுக்கப்பட்டோர். 'தி பர்ப்பஸ்' நாடகத்தில் அருச்சுனன் வில்லாளருள் முதல்வனாக விளங்க வில்வித்தையை நாடுகிறான். ஏகலைவனோ மான்கன்றுகளை ஓநாய்களிடமிருந்து காக்கவே அதனை நாடுகிறான். கல்வி யாருக்கு உரியது என்னும் வினாவை இத்துணை அழுத்தமாக எழுப்பியவர், எழுத்துக்கூட்டும் ரங்கனை இகழவே பாடினார் எனக் கொள்வது பொருந்தாது.

எனினும் இவ்விடைகள் முழுமையானவை அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நசை படைப்பாளியின் உள்ளத்தில் இருக்கலாம். கேட்போர் உள்ளத்தில் அது இல்லாமற் போகலாம். ஒரே பாட்டை ரங்கனோடு சேர்ந்து சிரிப்பதற்கும் கேட்கலாம்; ரங்கனைப் பார்த்துச் சிரிப்பதற்கும் கேட்கலாம். மேலும், அன்பு உண்டு என்பது எள்ளுவோர் அனைவரும் சொல்லக்கூடிய சாக்காகும். சாதிப் பெயரையும் உடற்குறையையும் சொல்லி நகைப்போரும் அதனை உரிமையின்பாற்படுத்துவதைக் காண்கிறோம்.

கீழிருந்து எழும் நகைப்பு

இவ்விடத்துக் கன்னடக் கவிஞர் சித்தலிங்கையாவை ஒப்புநோக்குதல் பயன் தரும். 1975இல் வெளிவந்த 'ஹொலெமாதிகர ஹாடு' தொகுதியின் பாடல்கள் கர்நாடகத் தலித் இயக்கத்தின் ஊர்வலங்களில் பாடப்பெற்றவை. அவற்றில் சினமே மேலோங்கி நிற்கிறது. ஆனால் அவர் தம் இளமையைச் சொன்ன 'ஊரு கேரி' தன்வரலாற்றில் பசியும் இழிவும்கூட நகைப்போடு கூறப்படுகின்றன. பாவண்ணனின் மொழிபெயர்ப்பில் 'ஊரும் சேரியும்' என அது தமிழுக்கு வந்துள்ளது. அங்கு நகைப்பவர் அவ்வாழ்வை வாழ்ந்தவர். தம் துன்பத்தைப் பிறர் இரக்கத்திற்குப் பொருளாக்க மறுக்கும் மானமே அந்நகைப்பின் ஊற்று. கைலாசம் ரங்கனுக்குத் தம் வாயைக் கடனாகத் தந்தார். சித்தலிங்கையா தம் வாயாலேயே பேசினார். முன்னவருடையது நல்லெண்ணம், பின்னவருடையது உரிமை. நல்லெண்ணம் மதிக்கத்தக்கதே, ஆயினும் அது உரிமைக்கு ஈடாகாது.

தமிழில் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலையாகக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' கதாகாலட்சேபத்தைக் குறிப்பிடலாம். நந்தனார் சரித்திரத்தின் வடிவை ஏற்று, கோயிலை நாடிய நந்தனுக்கு மாற்றாகக் கல்வியை நாடி நகரம் செல்லும் கிந்தனை அவர் படைத்தார். அவருடைய எள்ளல் கிந்தனை நோக்கியதன்று. அவனைத் தடுத்து நிறுத்தும் உலகை நோக்கியது. பழைய வடிவத்தின்மீது கொண்ட பற்று அதைப் பகடி செய்யும்போதும் குறையவில்லை. வசையும் நசையும் ஒருங்கே அமைந்த படைப்பு இது.

அரசு என்னும் கேட்போன்

பழிகரப்பு அங்கதத்தை அரசு பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. செம்பொருள் அங்கதம் அவ்வாறன்று. 2015 அக்டோபரில் மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், அரசின் மதுக்கடைகளை எள்ளிய நாட்டார் மெட்டுப் பாடல்களுக்காக அரச நிந்தனைப் பிரிவின்கீழ் கைது செய்யப்பட்டார். வன்முறையைத் தூண்டாத கண்டனம் அப்பிரிவிற்குள் வாராது என்பது 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்த எல்லை. அப்பிரிவின் செயற்பாட்டை 2022இல் உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது; 2024 சூலையில் இந்தியத் தண்டனைச் சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டிற்கும் ஊறு செய்வதைத் தண்டிக்கும் பிரிவொன்று அதிலும் உண்டு.

சட்ட வினாவைச் சட்ட அறிஞருக்கு விட்டு அறவினாவை மட்டும் நோக்குவோம். ஒரு பாட்டு கடுஞ்சொல் உடையதாகவும் சுவை குறைந்ததாகவும் இருக்கலாம். அதனைக் கண்டிப்பது திறனாய்வாளர் கடமை. ஆயின் எள்ளப்படுவோனே தீர்ப்பளிப்போனாகவும் இருக்கும் இடத்தில், சுவைக்குறை குற்றமாக மாற்றப்படுகிறது. தொண்டைமான் ஔவையைச் சிறையிலிட்டதாகப் பாட்டும் சொல்லவில்லை, மரபும் சொல்லவில்லை. இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளாத அரசன் பகைவர் இன்றியும் கெடுவான் என்னும் குறட்கருத்தை இத்துடன் இணைத்து எண்ணலாம். அங்கதப் பாடகன் நகைப்பின் வடிவில் இடித்துரைப்பவன். அரசு அவனைக் கேட்க மறுப்பது, தன்னைத் திருத்திக்கொள்ளும் வாயில் ஒன்றை அடைப்பதாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. எள்ளலின் அறம் அதன் கடுமையாலோ மென்மையாலோ முடிவாவதில்லை. அது செல்லும் திசையால் முடிவாகிறது. வலியோனை நோக்கிய கடுஞ்சொல் அறமாகலாம். மெலியோனை நோக்கிய மென்னகை இகழ்ச்சியாகலாம். அடுத்து, நசை என்பது எள்ளுவோன் தன் வாயால் அறிவித்துக்கொள்வதன்று. அவன் தன்னை முதலில் நகைப்பிற்கு உட்படுத்துகிறானா, எள்ளலால் வரும் இழப்பைத் தானே ஏற்கிறானா என்பவற்றால் அறியப்படுவது. அரசுப் பணியைத் துறந்து, தம் வகுப்பின் பேச்சையே நகைப்பொருளாக்கிய கைலாசம் இவ்வளவையில் பெருமளவு தேறுகிறார். ரங்கனுக்காகப் பேசும் இடத்தில் ஓரளவே தேறுகிறார். மூன்றாவது, அங்கதம் கேட்போரின் பொறுப்பும் ஆகும். பாட்டில் உள்ள நசையைக் காணாது வசையை மட்டும் எடுத்துக்கொள்ளும் அவையும், வசையை மட்டும் கண்டு தண்டிக்கும் அரசும் ஒரே பிழையையே செய்கின்றன.

கோளிகெ ரங்கன் தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போது நாம் சிரிக்கலாம். அச்சிரிப்பு முடிந்த பின்னும் அவன் பெயர் நம் நினைவில் மதிப்போடு நிற்குமாயின், அச்சிரிப்பில் இழுக்கில்லை.