கடனும் குற்றமும்: ஒரு ஸ்காண்டிநேவியச் சொல்லை முன்வைத்து

ஸ்வீடிஷ் மொழியில் ஸ்குல்ட் என்றொரு சொல். பணம் வாங்கித் திருப்பித் தராதவன் மேல் இருப்பது ஸ்குல்ட். கொலை செய்தவன் மேல் இருப்பதும் ஸ்குல்ட். அகராதி ஒன்று, இரண்டு என்று எண் போட்டு அர்த்தங்களைப் பிரித்து வைக்கிறது. பேசுகிறவனுக்கு அந்த எண்கள் இல்லை. இதன் உறவான ஸ்க்யுல்டிக் என்ற அடைமொழி கடன்பட்டவனையும் குறிக்கும், குற்றவாளியையும் குறிக்கும். அதோடு எதிர்மறை சேர்த்தால் நிரபராதி. சொல்லைப் பிரித்துப் பார்த்தால் கடன்படாதவன். (இந்தச் சொற்களை எழுத்தை ஒட்டியே தமிழில் எழுதுகிறேன். உச்சரிப்பு நாட்டுக்கு நாடு மாறுகிறது.)

சொல்லாராய்ச்சி என் நோக்கமல்ல. ஒரு பழைய தார்மீகக் கேள்வியை இந்தச் சொல் தன் உடம்பிலேயே வைத்துக்கொண்டிருக்கிறது என்பதால்தான் இதை எடுத்துக்கொள்கிறேன். குற்றம் கடனைப் போன்றதா? கடன் என்றால் அதற்கு ஒரு தொகை உண்டு, தவணை உண்டு, தீர்ந்துபோகும் நாள் ஒன்று உண்டு. எனக்குப் பதிலாக இன்னொருவன் கட்டலாம். கொடுத்தவன் வேண்டாமென்று விட்டுவிடலாம். செய்த தவறுக்கும் இவையெல்லாம் உண்டா? உண்டு என்றால் எவ்வளவு கட்டினால் தீரும்? இல்லை என்றால், ஒரு மொழி இத்தனை நூற்றாண்டுகளாக இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லி வந்தது வெறும் சோம்பல்தானா?

ஸ்குல்டின் வேர், 'கடன்பட்டிருக்கிறேன்' என்று பொருள்பட்ட ஒரு பழைய ஜெர்மானிய வினை. ஆங்கிலத்தின் ஷல், ஷுட் இரண்டும் அதே வினையின் மிச்சங்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த வினை பணம் பாக்கி வைத்திருப்பதையும் சொன்னது. 'செய்தாக வேண்டும்' என்பதையும் சொன்னது. கடைசியில் வெறுமனே எதிர்காலம் காட்டும் துணைவினையாகத் தேய்ந்தது. நாளைக்கு வரப்போவது இன்றைக்குப் பாக்கி நிற்பது. பழைய நார்ஸ் புராணத்தில் விதியை நிர்ணயிக்கும் மூன்று பெண்களில் ஒருத்தியின் பெயரே ஸ்குல்ட். அவள் எதிர்காலத்துக்குரியவள் என்பது வழக்கமான விளக்கம். டேனிஷிலும் நார்வீஜியனிலும் ஒரு பாகப்பிரிவினை நடந்தது. பணக்கடனுக்குக் கெல்ட் என்ற தனிச்சொல்; ஸ்க்யுல்ட் பெரும்பாலும் குற்றத்தின் பக்கம் ஒதுங்கியது. ஐஸ்லாந்தில் ஸ்குல்ட் என்றால் கடன், ஸ்கில்டா என்றால் கடமை. ஸ்கில்டுர் என்ற அடைமொழிக்குக் கடமைப்பட்டவன் என்றும் இரத்த உறவுள்ளவன் என்றும் இரண்டு அர்த்தங்கள். ஆக, கடன், கடமை, குற்றம், உறவு, வருங்காலம் ஐந்தும் ஒரே வேரின் கிளைகள்.

ஆங்கிலம் இந்தக் குடும்பத்தின் பெயர்ச்சொல்லைத் தொலைத்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் குற்றம் என்ற பொருளில் ஷ்யுல்ட் இருந்தது, மறைந்துபோயிற்று. கடனுக்கு லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக டெட் வந்தது. குற்றத்துக்குக் கில்ட் நின்றது. இந்தக் கில்ட் ஓர் அநாதை. பழைய ஆங்கிலத்திலேயே இருக்கிறது, ஆனால் மற்ற ஜெர்மானிய மொழிகளில் அதற்கு நிச்சயமான உறவு எதையும் காட்ட முடியவில்லை. பணம் கட்டுதல் என்று ஆதியில் பொருள்பட்ட ஈல்டோடு முடிச்சுப்போட ஆசைப்பட்டவர்கள் உண்டு. ஒலி இடம் கொடுக்கவில்லை. உறவு இல்லாத சொல் எந்தப் பக்கமும் போகலாம். இது உள்பக்கம் போயிற்று. நீதிமன்றத்துக்கு வெளியே கில்ட் இன்று பெரும்பாலும் ஓர் உணர்ச்சியின் பெயர், மனநல மருத்துவரிடம் கொண்டுபோகிற விஷயம். 'கில்டியாக இருக்கிறது' என்று நாமே சொல்லிக்கொள்கிறோம், தலை வலிக்கிறது என்பதைப் போல. தலைவலி யாருக்கும் பாக்கியில்லை.

கடன் என்று சொன்ன மாத்திரத்தில் 'யாருக்கு?' என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. நம் இலக்கணத்தின் பாஷையில் சொன்னால், கடன் நான்காம் வேற்றுமையைக் கேட்கிறது. குற்றத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. ஸ்குல்ட் இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பதால், குற்றம் என்று அது பொருள்படும்போதும் 'யாருக்கு?' என்பதன் நிழல் அதன் மேல் விழுந்துகொண்டிருக்கிறது. இதனால் ஸ்வீடன்காரன் ஆங்கிலேயனைவிட யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. சொற்கள் மனிதனை யோக்கியனாக்குவதில்லை. சில கேள்விகளைத் தொலையாமல் வைத்திருக்கின்றன, அவ்வளவுதான்.

ஜெர்மன் ஷுல்ட் ஸ்குல்டின் உடன்பிறப்பு. 1887இல் வெளிவந்த ஒழுக்கத்தின் வம்சாவளி பற்றிய நூலில் நீட்ஷே இதைப் பிடித்துக்கொண்டார். குற்றம் என்ற உயர்ந்த கருத்து, கடன் என்ற ஸ்தூலமான கருத்திலிருந்து பிறந்தது. திருப்பித் தரமுடியாதவனின் வேதனையைப் பார்த்துக் கடன்கொடுத்தவன் தன் கணக்கை நேர்செய்துகொண்டான். தண்டனையின் மூலம் அதுவே என்பது அவர் வாதம். வாதத்தின் உக்கிரம் இன்றும் குறையவில்லை. ஆனால் நீட்ஷே கடனில் தொகையைத்தான் பார்த்தார் என்று எனக்குப் படுகிறது. கடனுக்கு இரண்டு பாதிகள்: எவ்வளவு என்பது ஒன்று, யாருக்கு என்பது மற்றொன்று. முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒழுக்கம் சந்தைக்கடையின் பேரேடாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. வேரிலிருந்து கிளைத்த ஐந்தில் உறவும் ஒன்று என்பது அந்தப் பேரேட்டில் அடங்காது.

குற்றத்துக்குத் தொகை போட்டுப் பார்த்தவர்கள்தான் பழைய ஐஸ்லாந்துக்காரர்கள். கொலைக்கு விலை உண்டு. வெள்ளியில் எடை போட்டுச் செத்தவனின் உறவினருக்குக் கொடுத்தால் பகை தீர்ந்தது. 13ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ந்யாலின் கதை, இந்த ஏற்பாடு எங்கே முறிகிறது என்பதைக் காட்டும் ஒரு மகத்தான ஆவணம். ந்யாலின் பிள்ளைகள் ஹோஸ்குல்டைக் கொல்கிறார்கள். ஹோஸ்குல்ட், ந்யால் தன் வீட்டில் எடுத்து வளர்த்தவன். ஹோஸ்குல்டின் தகப்பனைக் கொன்றவனும் ந்யாலின் மகன்தான். அந்தப் பழைய பகை ஆறட்டும் என்றே பையனை வளர்த்தார். ஆல்திங் என்ற மகாசபையில் மத்தியஸ்தர்கள் மூன்று மடங்கு விலை விதிக்கிறார்கள். பாதியைத் தாங்களே திரட்டிக் கொடுக்கிறார்கள். வெள்ளி குவிகிறது. அதன்மேல் ந்யால் ஒரு பட்டு அங்கியையும் காலணிகளையும் வைக்கிறார். பெற்றுக்கொள்ள வந்த ஃப்ளோஸி அங்கியைத் தூக்கிப் பிடித்து யார் வைத்தது என்று கேட்கிறான். யாரும் பதில் சொல்வதில்லை. மறுபடியும் கேட்கிறான். பேச்சு வசையாக மாறுகிறது. ஒரு காசும் வேண்டாமென்று ஃப்ளோஸி உதறிவிட்டுப் போகிறான். பின்னால் ந்யாலின் வீடு ஆட்களோடு எரிக்கப்படுகிறது.

அந்த அங்கி எதற்கு என்று உரையாசிரியர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது. தொகை முழுசாக இருக்கிறது. ஆனால் ஹோஸ்குல்டை இழந்தவர்களில் ந்யாலும் ஒருவர். கட்ட வேண்டியவரும் பெற வேண்டியவரும் அவரே. வெள்ளியால் சொல்ல முடியாத ஏதோ ஒன்றைச் சொல்ல அங்கியை வைக்கிறார். வைத்தது நான்தான் என்று வாய்திறந்து சொல்ல முடியவில்லை. முகம் காட்டாத ஈடு அவமானமாகப் படிக்கப்படுகிறது.

பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்ஃபில், இன்றைய தென் ஸ்வீடனில் வாழ்ந்த கேயாட் இனத்து ராஜா ஹ்ரேதலின் கதை சில வரிகளில் வருகிறது. அவனுடைய ஒரு மகன் விட்ட அம்பு குறி தவறி அண்ணனைக் கொன்றுவிடுகிறது. ஈடு வாங்கலாமென்றால் கொடுப்பதும் வாங்குவதும் ஒரே கை. பழிதீர்க்கலாமென்றால் மிஞ்சிய மகனை அல்லவா கொல்ல வேண்டும். ஹ்ரேதல் துக்கத்தில் மாண்டுபோகிறான். உறவுக்குள் நேர்ந்த குற்றம் கடனின் கணக்கை ஸ்தம்பிக்க வைத்துவிடுகிறது. ஐஸ்லாந்துச் சொல் உறவினனையும் கடமைப்பட்டவனையும் ஒன்றாகவே அழைப்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நாம் உண்மையில் கடன்பட்டிருப்பது, திருப்பிக் கட்ட வழியில்லாதவர்களுக்குத்தான்.

பாகப்பிரிவினை நடந்த மொழியில் எழுதியவர் இப்ஸன். பொம்மை வீடு 1879. கணவன் ஹெல்மருக்குக் கடனே ஆகாது. கடன் வாங்காத வீடு என்பது அவன் பெருமை. நோரா அவனுக்குத் தெரியாமல் கடன் வாங்கியிருக்கிறாள், தகப்பன் கையெழுத்தைத் தானே போட்டு. கடைசியில் கடன்பத்திரம் திரும்பி வந்துவிடுகிறது. ஹெல்மர் அதைக் கிழித்து அடுப்பில் போடுகிறான், தான் தப்பித்தோம் என்று குதூகலிக்கிறான், அவளை மன்னித்தும் விடுகிறான். கெல்ட் எரிந்தால் ஸ்க்யுல்டும் எரிந்துவிட்டது என்று நினைக்கிறான். நோரா அப்போதுதான் அவனை மேஜைக்கு எதிரே உட்காரவைத்துக் கணக்கைத் திறக்கிறாள். நாடகம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு இடையில் நடக்கிறது. ஸ்ட்ரிண்ட்பெர்க்கோ, சொல் பிரியாத ஸ்வீடிஷில், 1888இல் ஒரு நாடகம் எழுதி அதற்குக் கடன்காரர்கள் என்றே பெயர் வைத்தார். முதல் கணவன் முன்னாள் மனைவியிடம் வசூலுக்கு வருகிறான். வசூலும் நடக்கிறது, முடிவில் மேடையில் கிடப்பது இரண்டாம் கணவனின் பிணம்.

மன்னிப்புக் கேட்கும் சொற்களிலும் இதே வித்தியாசம். ஆங்கில ஸாரி புண்பட்டவன், வேதனையில் இருப்பவன் என்ற பொருளிலிருந்து வந்தது. 'எனக்கு வலிக்கிறது' என்கிறது. டேனிஷ் உண்ட்ஸ்க்யுல்ட் ஏவல் வினை. குற்றத்தை என்மேலிருந்து எடுத்துவிடு என்று எதிரே இருப்பவனைக் கேட்கிறது. ஒன்று தன் நிலையைத் தெரிவிக்கிறது. மற்றது விடையை மற்றவன் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறது. 1997இல் நார்வே மன்னர் ஐந்தாம் ஹரால்ட், ஸாமி மக்களின் நாடாளுமன்றத்தில், அவர்களை நார்வேமயமாக்கிய கொள்கையின் அநீதியைப் பற்றிப் பேசியபோது பயன்படுத்திய வினை 'வருந்துகிறோம்' என்ற வகையைச் சேர்ந்தது. மன்னர் அதைச் சொன்னதே பெரிய காரியம். ஆனால் வருத்தம் தெரிவிப்பவனுக்குப் பதில் தேவையில்லை.

தமிழில் கடன் கடமைவரை வந்து நின்றுவிட்டது. நேர்த்திக்கடன், பிதிர்க்கடன் எல்லாம் உண்டு, கடன் குற்றமாகவில்லை. என்றாலும் வினைகள் காட்டிக்கொடுக்கின்றன. கடனையும் தீர்க்கிறோம், பழியையும் தீர்க்கிறோம். பழியை 'வாங்கவும்' செய்கிறோம். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மத்தேயுவின் கிரேக்கச் சொல் கடன்தான். ஆங்கிலிக்கன் வழக்கு அதை எல்லை தாண்டுதல் என்று ஆக்கியது. ஸ்வீடிஷ் ஸ்குல்ட் என்கிறது. புராட்டஸ்டண்ட் தமிழ் வேதாகமம் கடன்கள் என்றே மொழிபெயர்த்தது. கேட்கும்போது கொஞ்சம் உறுத்துகிறது. உறுத்துவது நல்லது என்பது என் கட்சி.

ஸ்காண்டிநேவிய இலக்கியம் நமக்கு ஆங்கிலத்தின் வழியாகத்தான் வந்தது. ஹாம்ஸனையும் லாகர்லெவையும் லாகர்க்விஸ்டையும் க.நா.சு. அப்படித்தான் தமிழுக்குக் கொண்டுவந்தார். லாகர்க்விஸ்ட் 1950இல் எழுதிய பரபாஸ், அன்பு வழி என்ற பெயரில் நம்மிடையே படிக்கப்பட்டது. அதைக் குற்ற உணர்வின் கதை என்று சொல்வது சுலபம். குற்ற உணர்வு என்ற தொடரே ஆங்கிலத்தைப் பார்த்து நாம் கட்டிக்கொண்டது. ஆனால் பரபாஸ் அப்படி எதையும் உணர்வதாகவே சொல்ல முடியாது. அவன் கேட்காமலே அவனுக்குப் பதிலாக ஒருவன் செத்தான். டேனிஷில், நார்வீஜியனில் 'அவன் பொருட்டு' என்று சொல்வதற்கும் ஸ்க்யுல்ட் என்ற சொல்லே வேண்டும். ஸ்வீடிஷிலும் அதன் உருமாறிய வடிவம்தான். ஆங்கிலத்தில் அதே இடத்தில் வரும் ஸேக்கூட வழக்கு, குற்றச்சாட்டு என்ற அர்த்தத்திலிருந்து வந்தது. பிறர் பொருட்டு என்ற நெகிழ்ந்த சொல்லுக்குள் ஒரு வழக்கு புதைந்துகிடக்கிறது.

பரபாஸ் தீர்க்கப் பார்க்கிறான். எதுவும் தீர்வதில்லை. நம்பினால் தீரும் என்கிறார்கள், நம்ப முடியவில்லை. ரோம் எரியும்போது, இப்போதாவது அவனுக்கு உதவுவோம் என்று தானும் தீ வைக்கிறான். அதுவும் பிசகு. கடைசியில் சிலுவையில் தொங்கிக்கொண்டு, இருட்டைப் பார்த்துப் பேசுவதுபோல, தன் ஆத்மாவை உனக்கு ஒப்படைக்கிறேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிச் சாகிறான். அந்த உனக்கு யார் என்று லாகர்க்விஸ்ட் சொல்லவில்லை. இருட்டா, கர்த்தரா, யாருமில்லையா? ஆனால் அங்கே ஒரு நான்காம் வேற்றுமை இருக்கிறது. அவன் வாழ்நாளெல்லாம் தேடியது அதைத்தான்.

நம் கதைகளில் குற்ற உணர்வு தாராளமாக இருக்கிறது. வேலைக்காரியைக் கெடுத்தவன் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்து நொந்துகொள்கிறான். அந்த நோவை நுணுக்கமாக எழுதுகிறோம், பாராட்டவும் செய்கிறோம். வேலைக்காரி எந்த ஊருக்குப் போனாள் என்று கதைக்குத் தெரியாது. குற்றம் தீருமா தீராதா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தொகையாக நினைத்தால் தீராது என்று மட்டும் ந்யாலின் வெள்ளிக்குவியல் சொல்கிறது. அதை உணர்ச்சியாக நினைத்தால் சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. அதுதான் இன்னும் மோசம்.