பருமனும் பழியும்

ஒருவரது உடல் அவரது ஒழுக்கத்துக்குச் சான்றாகுமா? அரிஸ்டோட்டில் தமது அறவியல் நூலின் மூன்றாம் பகுதியிலே இவ்வினாவைத் தொட்டுச் செல்கின்றார். பிறப்பால் அமைந்த உடற்குறையை எவரும் பழிப்பதில்லை. பயிற்சியின்மையாலும் அசட்டையாலும் நேர்ந்ததையே பழிக்கின்றோம் என்பது அவர் துணிபு. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவதொன்று இல்லையா என்பதே எமது ஐயம். வறிய பெண்ணின் உடற்பருமனை நோக்குமிடத்து இவ்வையம் வலுப்பெறுகின்றது.

பருமன் செல்வத்தின் அடையாளம் என்ற எண்ணம் மிகப் பழையது. வறிய நாடுகளைப் பொறுத்தவரை அது நெடுங்காலம் உண்மையாகவும் இருந்தது. செல்வ நாடுகளிலோ நிலை தலைகீழாயிற்று. நியூயோர்க் நகரின் மன்ஹற்றன் பகுதியை ஆராய்ந்து 1965இல் வெளியான கட்டுரையொன்று, கீழ்வகுப்புப் பெண்களுள் 30 வீதத்தினர் பருமனுடையோர் எனவும் மேல்வகுப்பில் அது 5 வீதமே எனவும் காட்டிற்று. ஆடவரிடையே வகுப்பு வேறுபாடு இத்துணைப் பெரிதாக இருக்கவில்லை.

பெண்ணிடத்து மட்டும் ஏன் இவ்வளவு? குறைந்த காசுக்கு மிகுந்த கலோரியைத் தருவன மாவும் சீனியும் எண்ணெயுமே. காய்கனிகள் அதே காசுக்குப் பசியாற்றமாட்டா. பிள்ளைகளின் வயிற்றை முதலில் நிரப்பவேண்டியவள் எதனை வாங்குவாள்? அவள் தெரிவில் தெளிவான கணக்கொன்று உண்டு. இதனோடு மகப்பேறும் சேர்கின்றது. கருவுற்ற காலத்தில் ஏறிய எடையில் ஒரு பகுதி பிரசவத்தின் பின்னும் பலரிடத்து எஞ்சிவிடுகின்றது. அது குறையுமுன் மீண்டும் கருவுறின் எச்சத்தின்மேல் எச்சம் ஏறும். குறைவதற்கு ஓய்வும் உறக்கமும் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவின் 1993ஆம் ஆண்டுச் சட்டம் வழங்குவதோ ஊதியமற்ற 12 வார விடுப்பு. ஐம்பதின்மருக்குக் குறைந்த ஊழியரையுடைய தனியார் நிறுவனங்களை அதுவும் கட்டுப்படுத்தாது. நாட்கூலி நின்றால் அடுப்பெரியாத வீட்டில் அவ்விடுப்பு ஏட்டுச் சுரைக்காயே.

இன்னும் ஒருபடி பின்னே செல்லலாம். 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தைப் பஞ்சம் வாட்டியது. அப்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்த பெண்கள், 50 வயதளவில் ஏனையோரிலும் எடை மிகுந்திருந்தனர் என 1999இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. தாய் கிடந்த பட்டினிக்கு மகளை அசட்டைக்காரி என்பது எவ்வாறு பொருந்தும்?

மன்ஹற்றனின் கீழ்வகுப்பில் எஞ்சிய 70 வீதத்தினர் பருமனுறவில்லையே எனச் சிலர் தடை எழுப்புவர். புறக்கணிக்கத்தக்க தடையன்று அது. எனினும், வறுமையிலும் உடலைக் காத்தல் இயலும் என்பதையே அது நிறுவுகின்றது. என்ன விலைக்கு இயலும் என்பதுபற்றி அது வாய்திறப்பதில்லை. வசதி படைத்தவள் மாலையில் ஒரு மணி நேரம் உலாவுகின்றாள். இரு வேலை பார்ப்பவள் அதே ஒரு மணி நேரத்தைத் தன் உறக்கத்திலிருந்து எடுத்தாகவேண்டும். ஒரே பண்டத்துக்கு ஆள்பார்த்து விலை கூறும் கடைக்காரனை நாம் நேர்மையாளன் என்பதில்லை.

அவ்வாறாயின் அவள் சூழ்நிலை ஆட்டும் பொம்மைதானே என இரங்குவோரும் உளர். இவ்விரக்கமும் எமக்கு உடன்பாடன்று. பழிப்போர் அவளுக்கு மிச்சம் வைத்த மதிப்பையும் இது பறித்துவிடுகின்றது. அவள் தெரிவு செய்கின்றாள், அதுவும் அறிந்தே: தன் உடலுக்கு முன்னே பிள்ளையின் பசியை. இதனைப் பொறுப்பின்மை என்போர், பொறுப்பு என்னும் சொல்லுக்குத் தாம் கொண்ட பொருளை முதலில் விளக்குவாராக.