தலைமாட்டில் ஒரு நாற்காலி

வியன்னாவில் பெர்க்காஸே 19-ஆம் எண் கட்டடம். 1891 முதல் 1938 வரை உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த சிக்மண்ட் ஃபிராய்டின் வீடும் கிளினிக்கும் அதுதான். சிகிச்சைக்கு வந்தவர் கம்பளம் விரித்த சோபாவில் படுத்துக்கொள்வார். டாக்டர் தலைமாட்டில், அவர் கண்ணில் படாமல் உட்காருவார். இதற்குப் பெரிய தத்துவம் எதுவும் முதலில் இல்லை. நாளெல்லாம், எட்டு மணி நேரத்துக்கு மேல், பிறர் தன்னை உற்றுப் பார்ப்பது தாங்கவில்லை என்று 1913-இல் அவரே எழுதினார். தன் முகபாவம் பேசுகிறவரைத் திசைதிருப்பிவிடும் என்பது அடுத்த காரணம். கட்டணத்திலும் கறார்: ஒதுக்கிய மணிக்கு வராவிட்டாலும் பணம் தர வேண்டும்!

பின்னால் வந்த அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் நாற்காலியை எதிரே போட்டுக்கொண்டார். அறிவுரை கிடையாது. கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, 'நீங்கள் சொல்ல வந்தது இதுதானா?' என்று சரிபார்த்துக்கொள்வார். கவுன்சலிங் என்றாலே புத்திமதி என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இது சப்பென்றுதான் இருக்கும். ஆனால், எதிரே இருப்பவரைக் குறுக்கிடாமல் கேட்பது அத்தனை லேசில்லை. 1940-களிலேயே ரோஜர்ஸ் ஆலோசனைப் பேச்சுகளை இசைத்தட்டில் பதிவு செய்து போட்டுக் கேட்டார், ஆலோசகர் எங்கெங்கே மூக்கை நுழைக்கிறார் என்று பார்க்க.